அண்ணன் போட்ட மனு. தங்கைக்குப் பத்தொன்பது வருஷம்!

"அண்ணே, நம் முறை வந்துவிட்டதா?"

"இன்னும் இல்லை, அம்மா. இந்த மாதம் நாலு வாரம்தான் நகர்ந்திருக்கிறது."

அமெரிக்காவில் குடியேறிவிட்ட அண்ணனுக்கும், ஊரில் இருக்கும் தங்கைக்கும் தொலைபேசியில் நடக்கும் பேச்சு இது. ஒரு நாள் இரண்டு நாள் அல்ல. வருஷக்கணக்கில் இதே பேச்சுத்தான்.

கூடப்பிறந்தவர்களை அமெரிக்காவுக்கு அழைத்துக் கொள்ள முடியுமா? முடியும். சட்டம் இடம் கொடுக்கிறது. ஆனால் பொறுமை வேண்டும். மனுப் போடும்போது மடியில் இருந்த குழந்தை, விசா வரும்போது கல்லூரிக்குப் போய்க் கொண்டிருக்கும்!

சட்டம் வந்த கதை

ஒரு காலத்தில், எந்த நாட்டிலிருந்து எத்தனை பேர் வரலாம் என்று அமெரிக்கா கணக்கு வைத்திருந்தது. இங்கிலாந்துக்கு 65 ஆயிரத்துக்கு மேல். இந்தியாவுக்கோ, 1946-ஆம் ஆண்டுச் சட்டப்படி, வருஷத்துக்கு வெறும் நூறு பேர்!

1965-ல் இந்தக் கணக்கை ஒழித்தார்கள். அக்டோபர் 3-ந் தேதி, நியூயார்க் துறைமுகத்தில் சுதந்திர தேவி சிலையின் அடியில் உட்கார்ந்து, ஜனாதிபதி ஜான்சன் புதிய சட்டத்தில் கையெழுத்துப் போட்டார்.

புதிய சட்டம் குடும்பத்துக்கு முதலிடம் கொடுத்தது. அதில் பெரிய பங்கு கூடப்பிறந்தவர்களுக்கு. அதனால் இதை "அண்ணன் தம்பி சட்டம்" என்றே சிலர் வேடிக்கையாகச் சொன்னார்கள்.

குடும்பத்தை முன்னே நிறுத்தச் சொன்னவர்களில் முக்கியமானவர் மைக்கேல் ஃபீகன் என்ற காங்கிரஸ் அங்கத்தினர். அமெரிக்காவில் ஏற்கனவே இருப்பவர்கள் பெரும்பாலும் ஐரோப்பியர்கள். ஆகவே அவர்களுடைய சொந்தக்காரர்களே வருவார்கள் என்பது கணக்கு.

கணக்குத் தப்பியது! இந்தியாவிலிருந்து டாக்டர்களும் என்ஜினீயர்களும் போனார்கள். குடியுரிமை வாங்கினார்கள். பிறகு தம்பியையும் தங்கையையும் அழைத்தார்கள்.

யார் அழைக்கலாம்?

அழைப்பவர் அமெரிக்கக் குடிமகனாக இருக்க வேண்டும். 21 வயது நிரம்பியிருக்க வேண்டும். பச்சை அட்டை மட்டும் வைத்திருப்பவர் கூடப்பிறந்தவரை அழைக்க முடியாது. மனைவியையும், கல்யாணம் ஆகாத பிள்ளைகளையும்தான் அவர் அழைக்கலாம்.

இருவருக்கும் தாயோ தந்தையோ ஒருவராவது பொதுவாக இருக்க வேண்டும். மூத்தாள் மகனும் இளையாள் மகளும் அண்ணன் தங்கைதான். அதைச் சட்டம் ஒப்புக் கொள்கிறது. ஆனால் நம் வீடுகளில் பெரியப்பா மகனையும் "அண்ணன்" என்கிறோம். சித்தி மகளையும் "தங்கை" என்கிறோம். அந்த உறவெல்லாம் அங்கே செல்லாது.

உறவை நிரூபிக்கப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். இங்கேதான் பலர் திண்டாடுகிறார்கள். பழைய பதிவில் "ஆண் குழந்தை" என்று மட்டும் இருக்கும், பெயர் இருக்காது. அப்பா பெயர் ஒரு தாளில் ஒரு மாதிரியும் இன்னொரு தாளில் வேறு மாதிரியும் இருக்கும். பள்ளிக்கூடத்தில் சேர்க்க வயதைக் கூட்டியோ குறைத்தோ சொல்லியிருப்பார்கள். அன்று வாத்தியாரிடம் சொன்ன ஒரு சின்னப் பொய், நாற்பது வருஷம் கழித்து வெளிநாட்டு அதிகாரி முன்னால் வந்து நிற்கும்!

ஏன் இவ்வளவு தாமதம்?

1990-ஆம் ஆண்டுச் சட்டப்படி, கூடப்பிறந்தவர்களுக்கென்று வருஷத்துக்கு 65 ஆயிரம் விசா. உலகம் முழுவதற்கும் சேர்த்து இவ்வளவுதான். தங்கை, அவள் கணவன், இரண்டு குழந்தைகள் வந்தால் அதில் நாலு விசா தீர்ந்துவிடும்.

தவிர, எந்த நாட்டுக்கும் மொத்த விசாவில் ஏழு சதவிகிதத்துக்கு மேல் இல்லை என்பது பொது விதி. 140 கோடிக்கு மேல் மக்கள் இருக்கும் இந்தியாவுக்கும் அதே வரம்பு. குட்டி நாடான லக்சம்பர்க்குக்கும் அதே வரம்பு.

மனு போய்ச் சேர்ந்த தேதிதான் வரிசையில் இடம். மாதந்தோறும் அமெரிக்க வெளிநாட்டு இலாகா ஓர் அறிக்கை வெளியிடுகிறது. எந்தத் தேதி வரை மனுச் செய்தவர்களுக்கு முறை வந்திருக்கிறது என்பது அதில் இருக்கும். 2025-ல் இந்தியர்களுக்கு 2006-ஆம் ஆண்டுத் தேதிதான் நடந்து கொண்டிருந்தது. மெக்சிகோக்காரர்களுக்கு இன்னும் மோசம்: 2001!

அக்காள் இங்கே, தம்பி அங்கே

தங்கையின் கணவனும், 21 வயதுக்கு உட்பட்ட, கல்யாணம் ஆகாத பிள்ளைகளும் கூடவே போகலாம். ஆனால் பத்தொன்பது வருஷத்தில் பிள்ளைகள் வளராமல் இருப்பார்களா?

இதற்காக 2002-ல் ஒரு பரிகாரம் செய்தார்கள். மனுவைப் பரிசீலித்து அனுமதிக்கச் சர்க்கார் எத்தனை நாள் எடுத்துக் கொண்டதோ, அத்தனை நாளைப் பிள்ளையின் வயதிலிருந்து கழித்துவிடலாம். வரிசையில் காத்திருந்த மற்ற காலத்தைக் கழிக்க முடியாது.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். 2006-ல் அண்ணன் மனுப் போட்டார். அனுமதி கிடைத்தது 2010-ல். அப்போது கழிவு நாலு வருஷம். 2025-ல் முறை வந்தது.

மனுப் போடும்போது மகனுக்கு வயது 5. இப்போது 24. நாலைக் கழித்தால் 20. அவன் போகலாம்.

மகளுக்கு அப்போது 7. இப்போது 26. நாலைக் கழித்தால் 22. அவள் போக முடியாது!

அதிகாரிகள் இன்னும் இரண்டு வருஷம் சோம்பியிருந்தால், அந்தப் பெண்ணும் தப்பியிருப்பாள். தாமதம் நன்மை செய்யும் இடம் உலகத்தில் இது ஒன்றாகத்தான் இருக்கும்.

அண்ணன் இறந்துவிட்டால்?

அழைத்தவர் இறந்துவிட்டால் மனுவும் அவரோடு போய்விடும். அனுமதி கிடைத்த மனுவாக இருந்தால், மனிதாபிமான முறையில் உயிர் கொடுக்கும்படி கேட்கலாம். கேட்டால் கொடுத்தே ஆகவேண்டும் என்பதில்லை. பணப் பொறுப்பு ஏற்க வேறு நெருங்கிய உறவினரும் முன்வர வேண்டும்.

பணப் பொறுப்பும் சாதாரணமானது அல்ல. வருகிறவர்கள் சர்க்காருக்குப் பாரமாக மாட்டார்கள் என்று அண்ணன் கையெழுத்துப் போட வேண்டும். வறுமைக் கோட்டின் அளவைப் போல் ஒன்றேகால் பங்கு வருமானம் காட்ட வேண்டும். மனுப் போடும்போது கை நிறையச் சம்பாதித்தவர், முறை வரும்போது ஓய்வு பெற்று உட்கார்ந்திருப்பார். அப்போது வேறொருவரைத் துணைக்குத் தேட வேண்டியதுதான்.

இடையில் வீடு மாறினால் புது விலாசத்தை உடனே தெரிவிக்க வேண்டும். முறை வந்ததாக அறிவிப்பு வந்தபின் ஒரு வருஷத்துக்குள் நடவடிக்கை எடுக்காவிட்டால், பதிவே ரத்தாகலாம். பழைய விலாசத்துக்குப் போன கடிதத்தால் பத்தொன்பது வருஷக் காத்திருப்பு வீணாகிவிடக் கூடாது அல்லவா?

மகளுக்கு மறுபடி வரிசை

தங்கியவள் கதி என்ன? தாய் அமெரிக்கா போய்ப் பச்சை அட்டை வாங்கியதும், கல்யாணம் ஆகாத மகளுக்காக மனுப் போடலாம். அது வேறு வரிசை. அதற்கும் பல வருஷம் ஆகும்.

அந்த வருஷங்களில் ஊரில் நல்ல வரன் வரும். "எத்தனை நாள்தான் பெண்ணை வீட்டில் வைத்திருப்பது?" என்று பாட்டி கேட்பாள். தாய் குடியுரிமை பெறுவதற்கு முன்னால் மகள் கழுத்தில் தாலி ஏறினால், அந்த மனுவும் அன்றே ரத்து!