இளஞ்செடியின் கட்டுச்சோறு

காஞ்சிபுரத்தை அடுத்த திருப்புட்குழியில், மகப்பேறு வேண்டும் மகளிர் வறுத்த பயற்றை மடியில் கட்டிக்கொள்வதும், அது முளைத்தால் வேண்டுதல் பலிக்கும் எனக் கொள்வதும் மரபு. அது பக்தியின்பாற்பட்டது. வயலில் இடும் பயறு எவ்வாறு முளைத்து வளர்கிறது என்பதை ஈண்டு விளக்குவோம்.

பயற்றை உடைத்தால் இரு பருப்புகள் காணப்படும். இவையே வித்திலைகள், தாய்ச்செடி இளஞ்செடிக்குக் கட்டிக்கொடுத்த சோறு. சோயா மொச்சையில் நூற்றுக்கு ஏறத்தாழ 40 பங்கு புரதமும் 20 பங்கு எண்ணெயும் உள்ளன.

சோயாவின் மரபணுத் தொகுதி 2010-ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதில் ஏறத்தாழ 46,000 மரபணுக்கள் கணக்கிடப்பட்டன. இவை யாவும் எப்பொழுதும் வேலை செய்வதில்லை. காய் முற்றுகையில் புரதத்தைச் சேமிக்கும் மரபணுக்கள் இயங்குகின்றன. விதை முளைத்ததும் அவை ஓய்ந்து, சேமிப்பைக் கரைத்துத் தரும் நொதிகளுக்குரியவை முனைகின்றன. வித்திலை மண்ணைப் பிளந்து வெளிச்சம் கண்டதும், ஒளியால் உணவு ஆக்கும் மரபணுக்கள் எழுகின்றன. களஞ்சியமே பச்சை இலையாகிறது! மேலிலைகள் விரிந்தபின், எஞ்சிய சத்தைச் செடிக்கு ஒப்படைத்து, மஞ்சளித்து உதிர்கிறது. மேல் தண்டை நறுக்கிவிட்டால், மஞ்சளிக்கத் தொடங்கிய வித்திலை மீண்டும் பசுமையுறுவதை ஆய்வாளர் கண்டனர். ஆகவே, இம்மாற்றம் செடியின் தேவையை அறிந்து நடைபெறும் ஒழுங்கேயாகும்.

உளுந்து, பச்சைப்பயறு ஆகியவற்றின் வித்திலைகளும் மண்ணுக்கு மேலே வருவனவே. எனினும், அவை சோயாவினதைப் போல் நெடுநாள் நில்லாமல் விரைவில் வதங்குகின்றன. துவரையின் வித்திலைகளோ மண்ணுள்ளேயே தங்கிவிடும்.

வேர் முடிச்சுகள் தழைச்சத்தைச் சேர்க்கத் தொடங்கும்வரை இளஞ்செடிக்கு இக்கட்டுச்சோறே பெருந்துணை. வித்திலை பழுதுற்ற விதைக்கு நாம் இடும் உழைப்பும் உரமும் வீணாகும். ஆகவே, விதைக்கென எடுத்த பயற்றை முரட்டுத்தனமாக அடித்தலாகாது. சோயாவின் தோல் மிக மெல்லியது. விதைக்குமுன் 100 விதைகளை ஈரச் சாக்கில் பரப்பிச் சுருட்டி, ஈரம் உலராது காத்து, ஒரு வாரத்தில் நல்ல முளைகளை மட்டும் எண்ணுக. சான்று பெற்ற விதைக்குக் குறைந்த அளவு சோயாவில் 70, உளுந்திலும் பச்சைப்பயற்றிலும் 75 ஆகும். விதைத்தபின் மழை பெய்து மேல்மண் இறுகினால், முளையின் கழுத்து ஒடியும். மண்ணை மெல்லக் கீறிவிடுதல் நலம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் விதைப்புப் பருவத்திற்கு முன்னரே இச்சோதனையைத் தத்தம் ஊரில் பலரறியச் செய்து காட்டுவார்களாக. செலவு ஒரு சாக்கும் ஒரு குடம் நீருமே. காப்பதோ ஒரு பருவத்தின் உழைப்பு.