வீடியோவில் பாடம், வாரம் ஒரு கணக்கு

"மணிக்கணக்கா கம்ப்யூட்டர் முன்னாடியே உட்கார்ந்திருக்கான், படிக்கிறானா, படம் பார்க்கிறானா?" கல்லூரியில் பாடம் நடத்தியவன் என்பதால் கொல்கத்தா தமிழ்க் குடும்பங்களில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்வி இது. பல வீடுகளில் ஓடுவது ஏதோ ஒரு பேராசிரியரின் பதிவு செய்த பாடம்தான்.

இது புதுசு இல்லை. 1984-இல் பல்கலைக்கழக மானியக் குழு தூர்தர்ஷனில் வகுப்பு நடத்தத் தொடங்கியது. ஒளிபரப்பு நேரத்தைத் தவறவிட்டால் போச்சு! அந்தக் குறையைத் தீர்த்தது என்.பி.டி.இ.எல். திட்டம். 2003-இல் ஏழு ஐ.ஐ.டி.களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கின. நம் கரக்பூரும், சென்னையும் அதில் உண்டு. ஒரு பாடத்துக்குச் சுமார் நாற்பது சொற்பொழிவுகள், ஒவ்வொன்றும் ஏறக்குறைய ஒரு மணி நேரம். புரியாத இடத்தில் நிறுத்தலாம், பத்து தடவை திருப்பிக் கேட்கலாம். (கரக்பூர்ப் பேராசிரியர்களின் வங்காள வாடை வீசும் ஆங்கிலம் நம்ம பிள்ளைகளுக்குப் பழக்கம், கோயம்புத்தூர்ப் பிள்ளைகள்தான் பாவம்!)

ஆனால் வீடியோ இருப்பது வேறு, படிப்பது வேறு. அமெரிக்காவின் எட்எக்ஸ் தளத்தில் நான்கு பாடங்களை மாணவர்கள் பார்த்த 69 லட்சம் தடவைகளை ஆராய்ந்து 2014-இல் ஒரு கட்டுரை வந்தது. வீடியோ எத்தனை நீளமானாலும், நடுத்தரமாக ஒருவர் பார்த்தது ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. வகுப்பில் தூங்குகிற பையனை ஆசிரியர் எழுப்புவார். திரை எழுப்பாது. சந்தேகம் வந்தாலும் அதனிடம் கேட்க முடியாது.

என்.பி.டி.இ.எல். அதே 2014-இல் முறையை மாற்றியது என் மதிப்பில் பெரிய காரியம். பாடங்கள் வாராவாரம் வெளிவரும். கூடவே பயிற்சிக் கணக்குகள், அவற்றுக்குக் கெடு. சந்தேகம் எழுதிக் கேட்க இடமும் உண்டு. பார்ப்பது இலவசம், சான்றிதழ் வேண்டுமானால் கட்டணம் கட்டி, மையத்துக்கு நேரில் போய்ப் பரீட்சை எழுத வேண்டும். பயிற்சிக்கு நூற்றுக்கு 25, பரீட்சைக்கு 75 மதிப்பெண். சென்னை ஐ.ஐ.டி. 2020-இல் தொடங்கிய தரவு அறிவியல் பட்டப்படிப்பும் ஏறக்குறைய இந்த வழிதான்: பாடம் வீட்டில், பரீட்சை நேரில்.

ஆகவே "எத்தனை மணி நேரம் பார்த்தே?" என்று பிள்ளையைக் கேட்காதீர்கள். "இந்த வாரக் கணக்குக்கு என்றைக்குக் கெடு, அனுப்பிட்டியா?" என்று கேளுங்கள். பல கல்லூரிகளில் இதற்கென்று 'லோக்கல் சாப்டர்' வைத்து ஓர் ஆசிரியரை ஒருங்கிணைப்பாளராகப் போட்டிருக்கிறார்கள். உங்கள் பிள்ளையின் கல்லூரியில் அது யார் என்பதையும் விசாரித்து வையுங்கள்.