கணினி திடீரென அணைகிறதா? முதலில் நேரத்தைக் குறித்து வையுங்கள்

வீட்டுக் கணினி எந்த அறிவிப்பும் இல்லாமல் அணைந்துபோனால், அதைத் தூக்கிக்கொண்டு திருத்தும் கடைக்கு ஓடுவதுதான் எமது வழக்கம். ஆனால் கணினியோடு சேர்த்து நாம் கடைக்குக் கொண்டுபோகாத சில விடயங்கள் உண்டு. எமது வீட்டின் மின்சாரம், வீட்டின் வெக்கை, மேசைக்குக் கீழே தூசி படிந்து கிடக்கும் யூபிஎஸ் ஆகியன அவை. பல வேளைகளில் குற்றவாளி அங்கேதான் இருக்கிறது.

எங்கள் வீட்டு மேசைக் கணினி ஒரு மாதமாக இப்படித்தான் அணைந்துகொண்டிருந்தது. உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளை இணையவழி வகுப்புக்கும் செயற்றிட்ட அறிக்கைக்கும் நம்பியிருந்தது அந்த ஒன்றைத்தான். கடையில் மூன்று நாள் ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஒரு தடவைகூட அணையவில்லை. இருந்தும் மதர்போர்டை மாற்றச் சொன்னார்கள். அதற்குக் கேட்ட பணம் பாவித்த கணினி ஒன்றை வாங்கப் போதுமானது. கடையில் அணையாதது வீட்டில் மட்டும் ஏன் அணைகிறது என்ற கேள்விக்கு அங்கே பதில் இருக்கவில்லை.

ஆகவே ஒரு கொப்பியை எடுத்து, அணையும் நேரத்தையும் அப்போது என்ன வேலை நடந்தது என்பதையும் ஒரு வாரம் குறித்தேன். ஐந்து தடவை அணைந்திருந்தது. ஐந்தும் மாலை ஆறரைக்கும் ஒன்பதுக்கும் இடையில். பகலில் ஒன்றுகூட இல்லை.

நாட்டில் மின்சாரப் பாவனை உச்சத்தில் இருக்கும் நேரம் மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை. அந்த வேளையில், மின்மாற்றியிலிருந்து தூரத்தில் இருக்கும் வீடுகளில் 230 வோல்ட் இருக்க வேண்டிய மின்னழுத்தம் நன்றாகக் குறைந்துவிடலாம். மின்குமிழ் சற்று மங்கும், விசிறி மெதுவாகச் சுற்றும். அழுத்தம் எல்லை தாண்டிக் குறையும்போது யூபிஎஸ் சுவர் மின்சாரத்தை விட்டுவிட்டுத் தன் பற்றரிக்கு மாறும். பற்றரி நல்ல நிலையில் இருந்தால் நமக்கு எதுவும் தெரியாது. பற்றரி செத்திருந்தால் அந்தக் கணமே கணினி அணைந்துவிடும். எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். பற்றரியை மாற்றியதோடு பிரச்சினை தீர்ந்தது.

இது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய கதையாக இருக்காது. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. அந்தக் காலத்தில் யூபிஎஸ் வாங்கிய வீடுகள் ஏராளம். அவற்றுள் இருக்கும் 12 வோல்ட் ஈய அமிலப் பற்றரியின் ஆயுள் சாதாரணமாக மூன்று வருடம் அளவில்தான். வெக்கையும், அடிக்கடி முழுதாக வடிந்துபோவதும் அதை மேலும் குறைக்கும். பாதுகாப்புக்காக வாங்கிய பெட்டியே இன்று கணினியை அணைக்கும் பெட்டியாக மாறியிருக்கலாம்.

யூபிஎஸ்ஸைச் சோதிப்பது எளிது. கணினியை நிறுத்தி அதன் வயரைக் கழற்றிவிட்டு, ஒரு மேசை விளக்கை யூபிஎஸ்ஸில் செருகி எரியவிடுங்கள். பின்னர் சுவர் சுவிட்சை அணையுங்கள். விளக்கும் உடனே அணைந்தால் பற்றரி முடிந்துவிட்டது. பழைய பற்றரியைக் குப்பையில் போடாதீர்கள். அதில் ஈயமும் அமிலமும் உண்டு.

விளக்கு தொடர்ந்து எரிந்தால் அடுத்ததைப் பார்க்க வேண்டும். அதற்கு முன்னர் முக்கியமான கோப்புகளை ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்து வையுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் போனால் அந்தக் கோப்பே பழுதாகலாம். கணினியைத் திருத்தலாம், மூன்று மாதம் எழுதிய அறிக்கையை அப்படித் திருப்பி எடுக்க முடியாது.

அணையும் விதமும் காரணத்தைக் காட்டும்:

பாரமான விளையாட்டோ வீடியோ வேலையோ தொடங்கிச் சில நிமிடங்களில் அணைந்தால் வெப்பத்தைச் சந்தேகியுங்கள். பல புரொசசர்கள் 100 பாகை செல்சியஸை அண்மித்ததும் வேகத்தைக் குறைக்கும். அதற்கும் அடங்காவிட்டால் தம்மைக் காத்துக்கொள்ளக் கணினியை நிறுத்திவிடும். வயரைக் கழற்றிவிட்டுப் பக்கத் தகட்டைத் திறந்து, விசிறி சுற்றாதபடி விரலால் பிடித்துக்கொண்டு தூசியைத் தூரிகையால் அகற்றுங்கள். பல வருடப் பழையதென்றால் புரொசசருக்கு மேலே பூசிய வெப்பப் பசையும் காய்ந்திருக்கும்.

ஒவ்வொரு தடவையும் போட்டு நான்கைந்து செக்கனில் அணைந்தால், முன்பக்கப் பொத்தான் உள்ளே இறுகி நிற்கிறதா என்று பாருங்கள். பொத்தானை அவ்வளவு நேரம் அழுத்திப் பிடித்தால் கணினி நிற்பது அதன் இயல்பு.

நீலத்திரை வந்து, பின்னர் தானாக மீண்டும் தொடங்கினால், ரேம், டிரைவர் மென்பொருள், ஹார்ட் டிஸ்க் ஆகியவற்றின் பக்கம் திரும்புங்கள். விண்டோஸிலேயே மெமரி டயக்னொஸ்டிக் என்ற சோதனை இருக்கிறது.

நேரம் காலம் இல்லாமல், எந்த வேலையிலும் அணைந்தால் தளர்ந்த பிளக், மல்டி பிளக், வயர் ஆகியவற்றை மாற்றிப் பாருங்கள். அதன் பிறகே பவர் சப்ளை. அதை வேறொன்றால் மாற்றிச் சோதிப்பதே முறை. அதன் பெட்டியை வீட்டில் திறக்க வேண்டாம். வயரைக் கழற்றிய பின்பும் உள்ளே 300 வோல்டுக்கு மேல் தேங்கி நிற்கக்கூடும்.

விண்டோஸும் தன் பங்குக்கு ஒரு குறிப்பேடு வைத்திருக்கிறது. ஈவென்ட் வியூவரைத் திறந்து சிஸ்டம் பகுதியைப் பாருங்கள். 1074 என்ற இலக்கம் இருந்தால் ஒரு மென்பொருளோ பாவனையாளரோ முறைப்படி நிறுத்தச் சொன்னதாகப் பொருள். 41 என்றால் முறைப்படி நிறுத்தாமலேயே கணினி அணைந்திருக்கிறது அல்லது மீண்டும் தொடங்கியிருக்கிறது. 41 ஐப் பார்த்துவிட்டு ‘இது பவர் சப்ளைதான்’ என்று முடிவுகட்டுவோர் உண்டு. அது சரியல்ல. யூபிஎஸ், வெப்பம், தளர்ந்த வயர் எல்லாவற்றுக்கும் அதே இலக்கம்தான் பதியும். ஆனால் அணைந்த நேரத்தை அந்தப் பகுதியில் பார்க்கலாம். கொப்பியில் எழுத மறந்தவர்களுக்கு அது போதும்.

இவற்றுக்குப் பிறகும் கடைக்குப் போக வேண்டி வரலாம். அப்போது கணினியோடு அந்தக் குறிப்பையும் கொண்டுபோங்கள். எத்தனை மணிக்கு, என்ன வேலையில், யூபிஎஸ் இல்லாமலும் அணைந்ததா என்று சொல்லத் தெரிந்தவருக்கு நேர்மையான திருத்துநர் நன்றி சொல்வார். உடனே மதர்போர்டை மாற்றச் சொல்பவரிடம் எந்தச் சோதனையில் அது பழுதென்று கண்டீர்கள் எனக் கேளுங்கள். பதில் வராவிட்டால் கணினியை வாங்கிக்கொண்டு வேறு கடைக்குப் போங்கள்.