பட்டர்ஃப்ளை நீச்சல்: 25 மீட்டரிலேயே மூச்சு வாங்குதா? தப்பு கையில் இல்லை!

ஃப்ரீஸ்டைலில் நாலு லேப் அசால்ட்டாக அடிப்பவர்கள்கூட பட்டர்ஃப்ளையில் பாதிக் குளத்திலேயே நின்றுவிடுவார்கள். ‘தோள்ல பலம் பத்தல’ என்று ஜிம்முக்கு ஓடாதீங்க. சிக்கல் டைமிங்கில்தான்.

எத்தனை கிக்?

ஒருமுறை கை சுற்ற, இரண்டு கிக். கைகள் தண்ணீரில் நுழையும்போது ஒன்று. இடுப்பைத் தாண்டி வெளியே வரும்போது இன்னொன்று. இந்த இரண்டாவது கிக்தான் கைகள் மேலே வர உதவுகிறது. அதை விட்டால் மொத்தச் சுமையும் தோளுக்குத்தான், வலியும் அங்கேதான். கிக்கை முழங்காலில் தொடங்காதீர்கள். நெஞ்சில் தொடங்கும் அலை, இடுப்பு வழியாகக் காலுக்கு இறங்க வேண்டும்.

மூச்சு எப்போது?

தாடை தண்ணீரை ஒட்டியே இருக்கட்டும். தலையை உயரத் தூக்கினால் இடுப்பு மூழ்கிடும். கைகள் முன்னால் வந்து விழுவதற்குள் முகம் உள்ளே போயாகணும்.

எப்படிப் பழகுவது?

முதலில் டால்ஃபின் கிக் மட்டும். அடுத்து ஒற்றைக் கை. பிறகு முழு ஸ்ட்ரோக், நாலே நாலு. ரிதம் கலைந்தால் அங்கேயே நிறுத்துங்க. தப்பான ஸ்ட்ரோக்கும் பழகிடும்!

2008 பெய்ஜிங் ஒலிம்பிக், 200 மீட்டர் பட்டர்ஃப்ளை ஃபைனல். மைக்கேல் ஃபெல்ப்ஸின் கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்து எதுவுமே தெரியவில்லை. ஸ்ட்ரோக்கை எண்ணியே நீந்தினார். தங்கம், கூடவே உலக சாதனை!