மூடிய அறையின் காற்று

சிறு அலுவலகங்களில் பரவலாகக் காணப்படும் ஸ்பிளிட் ஏசி, பொதுவாக வெளிக்காற்றை உள்ளே கொண்டுவருவதில்லை. அறையில் இருக்கும் காற்றையே மீண்டும் மீண்டும் இழுத்துக் குளிரவைத்துத் திருப்பி அனுப்புகிறது. அதன் முகப்பிலுள்ள வலை, பெருந்தூசியையும் முடியையும் தடுக்குமே தவிர, 2.5 மைக்ரானும் அதற்குக் குறைவுமான விட்டமுடைய நுண்துகள்களைப் பெரும்பாலும் தடுப்பதில்லை. தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ முப்பதில் ஒரு பங்கேயுள்ள இத்துகள்கள், நுரையீரலின் காற்றுப்பைகள் வரை செல்லக்கூடியவை. இவற்றுக்கு 24 மணி நேரச் சராசரியாகக் கனமீட்டருக்கு 60 மைக்ரோகிராம் வரை இந்தியத் தரநிலை இடமளிக்க, உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வழிகாட்டுதலோ 15 மைக்ரோகிராமையே எல்லையாகக் கொள்கிறது.

துகளை அகற்றுவதும் புதுக்காற்றைக் கொணர்வதும் வெவ்வேறு பணிகள் என்பதே, திட்டமிடுவோர் முதலில் தெளிய வேண்டியது. மூச்சில் வெளியேறும் கரியமில வாயுவை எந்தத் துகள் வடிகட்டியும் நீக்காது. ஆதலால் கூட்ட அறையில் அதன் அளவு ஏறிக்கொண்டே போகுமானால், அங்கு வேண்டியது வெளிக்காற்றே. அலுவலகம் நெரிசலான சாலையோரம் இருந்தால், அந்த வெளிக்காற்றும் வடிகட்டப்பட்டே உள்ளே வர வேண்டும்.

வடிகட்டியின் திறனைக் குறிக்கும் அளவுகோல்களுள் ஒன்று 'மெர்வ்' எனப்படுகிறது. மெர்வ் 13 தர வடிகட்டி, 0.3 முதல் 1 மைக்ரான் வரையிலான துகள்களில் பாதியையேனும் பிடிக்கும். 'ஹெப்பா' வகையோ 0.3 மைக்ரான் துகள்களில் 99.97 விழுக்காட்டைத் தடுக்கும். ஆயினும் திறன் கூடக் கூடக் காற்றோட்டத்துக்கான தடையும் பொதுவாகக் கூடுவதால், பழைய மைய ஏசியின் விசிறி அதைத் தாங்குமா என்று பொறியாளர் சோதித்த பின்னரே தரத்தை உயர்த்துவது முறை. வடிகட்டிக்கும் அதைத் தாங்கும் சட்டகத்துக்கும் இடையே ஒரு சிறு இடுக்கு இருந்தாலும், காற்று தடையில்லாத அவ்வழியே நழுவிவிடும்.

தனி வடிகட்டிக் கருவிகளை வைப்பதாயின் கணக்கு எளிதே. ஆட்கள் இருக்கும் அறைகளில் மணிக்கு ஐந்து முறையேனும் அறைக் கொள்ளளவுக்கு இணையான தூய காற்று கிடைக்க வேண்டும் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2023இல் பரிந்துரைத்தது. 30 அடி நீளமும் 20 அடி அகலமும் 10 அடி உயரமும் உள்ள அறையின் கொள்ளளவு 6,000 கன அடி. அதற்கு மணிக்கு 30,000, அதாவது நிமிடத்துக்கு 500 கன அடி தூய காற்று வேண்டும். விளம்பரங்களில் காட்டப்படும் அளவு பெரும்பாலும் கருவியின் உச்ச வேகத்துக்கு உரியது. அந்த இரைச்சலில் எவராலும் கருத்தூன்றி வேலை செய்ய இயலாது என்பதால், நடு வேகத்தில் கிடைக்கும் அளவைக் கேட்டறிந்தே எத்தனை கருவிகள் தேவை என்பதை முடிவு செய்ய வேண்டும்.

அடைபட்ட வடிகட்டி காற்றோட்டத்தைக் குறைத்துவிடும். கருவியின் விலையை மட்டும் காட்டி, வடிகட்டிகளை மாற்றும் செலவையும் அதற்குப் பொறுப்பானவரையும் குறிப்பிடாத திட்டத்துக்கு எந்த நிர்வாகமும் ஒப்புதல் அளிக்கலாகாது.