அம்மாவின் எலும்பும் ஐஸ்லாந்து பாசியும்!

பாத்ரூமில் 'தொப்'பென்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால், அம்மா தரையில் உட்கார்ந்து இடது கையைப் பிடித்துக்கொண்டு, ''ஒண்ணுமில்லடா... லேசா வழுக்கிடுச்சு. நீ போய் பால் பொங்குதா பாரு'' என்கிறாள்.

பால் பொங்கி வழிந்திருந்தது. அம்மாவின் மணிக்கட்டும் முறிந்திருந்தது.

வயசு அறுபத்து மூன்று. நின்ற இடத்தில் விழுந்ததற்கே எலும்பு முறிகிறது என்றால், தப்பு பாத்ரூம் தரை மேல் மட்டும் இல்லையாம். எலும்பே மெலிந்து போயிருக்கலாமாம். எலும்பு அடர்த்தி டெஸ்ட் எடுத்துப் பார்த்த டாக்டர் அதையேதான் சொன்னார். கட்டுப் போட்டு, கால்சியம் மாத்திரையும் வைட்டமின் டி-யும் எழுதிக் கொடுத்தார்.

மறுநாள் ஆபீஸ். அங்கே அனுதாபம் இலவசம், ஆலோசனையும் இலவசம். பக்கத்து சீட் நண்பர் மட்டும் ஆலோசனையோடு ஒரு டப்பாவையும் நீட்டினார்.

''தலைவா, மெடிக்கல் ஷாப் கால்சியம் வெறும் சுண்ணாம்புக்கல்லு. பாறையை அரைச்சு மாத்திரையா குடுக்கறான். இது கடல் கால்சியம்! ஐஸ்லாந்து பாசி. எழுபது தாதுவுக்கு மேல இருக்கு. எலும்புக்கு எலும்பும் ஆச்சு, வயித்துக்கு வயிறும் ஆச்சு!''

''விலை?''

''வெளியில 2,200. உங்களுக்கு 1,850.''

நண்பர் சாயங்காலங்களில் 'பிசினஸ்' பண்ணுகிறவர். அவருக்குக் கீழே நாலு பேர், அந்த நாலு பேருக்குக் கீழே பதினாறு பேர். பதினேழாவது ஆளாக நான் தெரிந்திருக்கிறேன்.

ஆனாலும் அம்மா விஷயம். மனசு கணக்குப் பார்க்குமா? பர்ஸைத் திறந்துவிட்டேன். கடைசி நிமிஷத்தில் ஏதோ ஒரு ஞானம். ''ஒரு நாள் டைம் குடுங்க பாஸ்... படிச்சுப் பார்த்துட்டு சொல்றேன்'' என்றேன். அந்த ஒரு நாள் மூன்று வாரம் ஆகிவிட்டது!

முதலில் நண்பருக்கு நியாயம் செய்துவிடுகிறேன். அந்தப் பாசி பொய்யில்லை.

வட அட்லாண்டிக் கடலில் வளரும் ஒரு வகைச் சிவப்புப் பாசி அது. பாசி என்றதும் கிணற்றடிப் பாசி மாதிரி வழவழவென்று கற்பனை செய்யாதீர்கள். இது கல் மாதிரி இருக்கும். கடல் நீரிலிருக்கும் கால்சியத்தை இழுத்துத் தன் செல் சுவரிலேயே சுண்ணாம்பாகப் படிய வைத்துக்கொள்ளும். வருஷத்துக்குச் சுமார் ஒரு மில்லிமீட்டர்தான் வளர்ச்சி. (நம் இன்கிரிமென்ட் போல!) செத்த பாசிகள் ஆயிரக்கணக்கான வருஷங்களாகக் கடலடியில் குவிந்து கிடக்கின்றன. பிரான்ஸின் பிரிட்டனி பகுதி விவசாயிகள் பல தலைமுறைகளாக இதை அள்ளிப் புளிப்பேறிய நிலத்தில் உரமாகப் போட்டார்கள். இப்போது ஐஸ்லாந்தின் ஆர்னார்ஃபியோர்துர் என்ற கடல் கழியில் இதை அள்ளி, கழுவி, காய வைத்து, பொடி செய்து விற்கிறார்கள். 'அக்வாமின்' என்ற பெயரில் வருவது இந்தப் பொடிதான்.

பொடியில் சுமார் 30 சதவிகிதம் கால்சியம். இரண்டு சதவிகிதத்துக்குக் கொஞ்சம் மேலே மக்னீசியம். மற்ற தாதுக்கள் எழுபதும் இருக்கின்றன, பெருங்காயம் அளவுக்கு.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தக் கால்சியம் இருப்பது பெரும்பாலும் கால்சியம் கார்பனேட்டாக. மெடிக்கல் ஷாப் மாத்திரையில் இருப்பதும் அதேதான். சுண்ணாம்புக்கல், சிப்பி, சங்கு, பாசி என்று வேஷம்தான் வேறு வேறு. கடலிலிருந்து மருந்து எடுப்பதும் நமக்குப் புதிதில்லை. சித்த வைத்தியத்தில் சங்கு பற்பம், முத்துச்சிப்பி பற்பம், பவள பற்பம் என்று ஒரு வரிசையே உண்டு. வயிற்றுக் கோளாறுக்குச் சங்கு பற்பம் தருவார்கள். இன்றைக்கு நெஞ்செரிச்சலுக்குச் சப்பிச் சாப்பிடும் மாத்திரைகள் பலவற்றிலும் கால்சியம் கார்பனேட்தான்.

அடுத்து டப்பாவைத் திருப்பி லேபிளைப் படித்தேன். ஒரு கேப்ஸ்யூலில் 500 மில்லிகிராம் பாசிப் பொடி. அதில் 30 சதவிகிதம் என்றால், கால்சியம் வெறும் 150 மில்லிகிராம். ஆராய்ச்சிகளில் ஒரு நாளைக்குக் கொடுத்தது 800. அந்த அளவு வேண்டுமானால் தினம் ஐந்து கேப்ஸ்யூலுக்கு மேல் விழுங்க வேண்டும். அறுபது கேப்ஸ்யூல் டப்பா பதினோரு நாளில் காலி! மாசத்துக்குக் கிட்டத்தட்ட 5,000 ரூபாய். அம்மாவின் எலும்பு தேறுகிறதோ இல்லையோ, என் முதுகெலும்பு முறிந்துவிடும்.

சரி, பணம் போகட்டும். பலன் உண்டா?

எலும்புக் கதையை முதலில் பார்ப்போம். அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் வரானி என்ற விஞ்ஞானியின் குழு, எலிகளுக்குக் கொழுப்பு நிறைந்த மேல்நாட்டுச் சாப்பாட்டை மாதக்கணக்கில் போட்டது. பாவம், பெண் எலிகளின் எலும்பு பலவீனமானது. அதே சாப்பாட்டோடு பாசிப் பொடியும் சாப்பிட்ட எலிகளுக்கு எலும்பு உறுதியாகவே இருந்தது. இது 2010-ல் வெளியான ஆராய்ச்சி. பிரமாதம்! ஆனால், என் அம்மா எலி இல்லையே?

மனிதர்களிடம் செய்ததும் இருக்கிறது. வட அயர்லாந்தின் அல்ஸ்டர் பல்கலைக்கழகம், மாதவிடாய் நின்ற 300 பெண்களை மூன்று கோஷ்டியாகப் பிரித்தது. ஒரு கோஷ்டிக்குப் பாசிக் கால்சியம் தினம் 800 மில்லிகிராம். இன்னொன்றுக்குப் பாசிக் கால்சியத்தோடு, குடலில் நல்ல கிருமிகளை வளர்க்கும் ஒரு வகை நார்ச்சத்து. மூன்றாவதுக்குச் சும்மா மாவு. இரண்டு வருஷம் நடந்தது. 2014-ல் முடிவைச் சொன்னார்கள். நார்ச்சத்தும் சேர்த்துச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு தேய்வதைக் காட்டும் ரத்த அறிகுறிகள் குறைந்தன. ஆனால், மொத்தமாகப் பார்த்தால் எலும்பின் அடர்த்தியில் மூன்று கோஷ்டிக்கும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. ஏற்கெனவே எலும்பு மெலிய ஆரம்பித்திருந்த பெண்களில் மட்டும், நார்ச்சத்துக் கோஷ்டிக்கு இழப்பு கொஞ்சம் குறைந்திருந்தது.

இந்த இடத்தில் நண்பர் சொன்ன 'வயித்துக்கு வயிறு' ஞாபகம் வந்தது. மிச்சிகன் குழுவின் இன்னொரு எலி ஆராய்ச்சியில், பாசிப் பொடி சாப்பிட்ட எலிகளின் பெருங்குடலில் கட்டிகள் குறைவாக வந்தன. அதனால் மனிதர்களிடமும் இறங்கினார்கள். முப்பது பேர். ஆளுக்குத் தொண்ணூறு நாள். மூன்றில் ஒரு பங்கினருக்குப் பாசி, ஒரு பங்கினருக்கு வெறும் கால்சியம், மீதிப் பேருக்குப் போலி மாத்திரை. பாசிக் கோஷ்டியின் குடலில் பித்த அமிலங்கள் குறைந்தன; கிருமிகளின் கூட்டமும் மாறியது. வெறும் கால்சியம் சாப்பிட்டவர்களிடம் அந்த அளவு மாற்றம் இல்லை. 2020-ல் வெளியானது இது. அந்தப் பெருங்காயம் அளவுத் தாதுக்கள் ஏதோ செய்கின்றன போலிருக்கிறது!

அந்த ராத்திரி உற்சாகமாகத்தான் படுத்தேன். காலையில் இரண்டு பழைய ஆராய்ச்சிகள் கண்ணில் பட்டு உற்சாகத்தைக் கெடுத்தன.

1999-ல், குடலில் ஒருமுறை கட்டி வந்த 930 பேருக்கு நடந்த சோதனையில், சாதா கால்சியம் கார்பனேட் சாப்பிட்டவர்களுக்குக் கட்டி திரும்ப வருவது ஓரளவு குறைந்தது. உலகமே கை தட்டியது. 2015-ல் ஏறக்குறைய அதே ஆராய்ச்சியாளர்கள், 2,259 பேரை வைத்து மறுபடி சோதித்தார்கள். இந்தத் தடவை பலன் இல்லை! கால்சியத்துக்கும் இல்லை, வைட்டமின் டி-க்கும் இல்லை. 930 பேரிடம் கிடைத்த பதிலே கைவிட்டுப் போகும் என்றால், முப்பது பேரிடம் கிடைத்த பதிலை என்ன செய்வது? குறித்து வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும். விஞ்ஞானிகளும் அதைத்தான் செய்கிறார்கள். விற்பனையாளர்களுக்குத்தான் பொறுமை இல்லை.

அந்தப் பொறுமையின்மை எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ஒரு உதாரணம், 'பவளக் கால்சியம்'. ஜப்பானின் ஒகினாவா தீவில் நூறு வயசுக்காரர்கள் அதிகம், அங்கே பவளப் பாறையும் அதிகம், ஆகவே பவளம்தான் ரகசியம் என்று கெவின் ட்ரூடோ, ராபர்ட் பேர்ஃபுட் என்ற இருவர் அமெரிக்க டி.வி-யில் அரை மணி விளம்பரமாகவே ஓட்டினார்கள். கேன்ஸர்கூடக் குணமாகுமாம்! 2003-ல் அந்நாட்டு வர்த்தக ஆணையம் இருவர் மீதும் வழக்குப் போட்டது. மறு வருஷம் ட்ரூடோ இருபது லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டார். பவளமும் கால்சியம் கார்பனேட்தான் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டுமா?

இத்தனையும் படித்துவிட்டு, அம்மாவின் மருந்து டப்பாவை முதல்முறையாக ஒழுங்காகத் திறந்து பார்த்தேன். கால்சியம் இருந்தது. வைட்டமின் டி இருந்தது. கூடவே, பாதி தீர்ந்த இன்னொரு அட்டை.

''இது என்னம்மா?''

''கேஸ் மாத்திரைடா. தினம் வெறும் வயித்துல ஒண்ணு. அப்புறம் நெஞ்சு எரியாது.''

''எத்தனை நாளா?''

''நாளா? உங்கப்பா இருந்தப்பலேர்ந்து!''

கணக்குப் போட்டேன். அப்பா போய் ஐந்து வருஷம். எப்போதோ இரண்டு வாரத்துக்கு எழுதிக் கொடுத்த மாத்திரையை, சீட்டே இல்லாமல் கடையில் கேட்டுக் கேட்டு வாங்கியிருக்கிறாள். வாங்கிக் கொடுத்தது யார்? மாசச் சாமான் லிஸ்ட்டில் பருப்பு, எண்ணெய், கேஸ் மாத்திரை என்று வரிசையாகப் படித்து வாங்கி வந்த நான்தான்.

வயிற்றில் அமிலம் சுரப்பதையே குறைக்கிற மாத்திரை அது. கால்சியம் கார்பனேட் கரைந்து உடம்பில் சேர அமிலம் வேண்டும். அதனால்தான் அதைச் சாப்பாட்டோடு சாப்பிடச் சொல்கிறார்கள். அமிலத்தை அடைத்துவிட்டு, வெறும் வயிற்றில் கால்சியம் கொடுத்தால்? அது சுண்ணாம்புக்கல்லாக இருந்தால் என்ன, ஐஸ்லாந்து பாசியாக இருந்தால் என்ன? அதுமட்டுமில்லை. இந்த வகை மாத்திரைகளை அதிக அளவிலோ ஒரு வருஷத்துக்கு மேலோ சாப்பிட்டால் இடுப்பு, மணிக்கட்டு, முதுகெலும்பு முறியும் வாய்ப்பு கூடலாம் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2010-லேயே எச்சரித்திருக்கிறது.

மணிக்கட்டு. படித்ததும் எனக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை.

அட்டையை எடுத்துக்கொண்டு டாக்டரிடம் ஓடினேன். ''இதனாலதான் முறிஞ்சுதுன்னு சொல்ல முடியாது. ஆனா, இதை என்கிட்ட நீங்க சொல்லவே இல்லையே?'' என்றார். நிஜம்தான். கேஸ் மாத்திரையை நாங்கள் மருந்தாகவே நினைக்கவில்லை! திடீரென்று நிறுத்தினால் எரிச்சல் இன்னும் அதிகமாகும் என்று, படிப்படியாகக் குறைக்கச் சொன்னார். அதுவரைக்கும் அமிலம் இல்லாமலே சேரும் கால்சியம் சிட்ரேட் மாத்திரைக்கு மாற்றினார். ஒரே வேளையில் 500 மில்லிகிராமுக்கு மேல் வேண்டாம், பிரித்துச் சாப்பிடுங்கள் என்றார்.

வெளியே வரும்போது என்னையும் ஒரு பார்வை பார்த்து, ''நீங்க பால், தயிர் சாப்பிடறீங்களா, இல்ல வெறும் டீதானா?'' என்று கேட்டார். அசடு வழிந்தேன். எலும்பு என்பது பி.எஃப். மாதிரி. சுமார் முப்பது வயசு வரைக்கும் சேர்ப்பதுதான் பெரிய தொகை. அதற்கப்புறம் எடுத்துச் செலவு செய்வதுதான். பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும் என்று நம் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொல்லியிருக்கிறது. நூறு கிராம் கேழ்வரகில் சுமார் 350 கிடைக்கும். நாலு டீயும் ஒரு பஃப்ஸும் எங்கே போதும்?

மறுநாள் நண்பர் விடவில்லை. ''என்ன தலைவா, முடிவு பண்ணிட்டீங்களா?''

''பண்ணிட்டேன் பாஸ். பெரிய ஆராய்ச்சி ஒண்ணு வரட்டும், நானே கேட்டு வாங்கறேன். இப்போ அந்தக் காசு செலவாயிடுச்சு.''

''எதுல?''

பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு ஸ்டீல் கம்பி, தரைக்கு வழுக்காத ரப்பர் மேட், பிளம்பர் கூலி. எல்லாம் சேர்த்து 1,700 ரூபாய். மிச்சம் 150-க்குக் கேழ்வரகு மாவு.

அம்மா ஒரு கையால் கஞ்சியைக் கிண்டிக்கொண்டே சொன்னாள்: ''இந்தக் கம்பியை மூணு வருஷமா கேட்டுட்டு இருந்தேன்டா!''