ஆம்பூரில் சுடப்பட்ட நவாப்... அவர் பிள்ளைகளுக்கு என்ன ஆச்சு?

ஆம்பூர் பிரியாணி ஆற்காடு நவாப் வீட்டு அடுப்பிலிருந்து வந்தது என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். அதே ஆம்பூரில் ஓர் ஆற்காடு நவாப் யானைமேல் உட்கார்ந்தபடியே சுடப்பட்டு இறந்த கதை தெரியுமா? அவர் பெயர் அன்வருதீன் கான்.

ஆள் நம்ம பக்கம் கிடையாது. இன்றைய உத்தரப்பிரதேசத்தில் இருக்கும் கோபாமாவ்தான் சொந்த ஊர். ஹைதராபாத் நிஜாமிடம் வேலை பார்த்தவர். 1742-ல் ஆற்காடு நவாப் சஃப்தர் அலியை வேலூரில் வைத்து, சொந்த மைத்துனரே கொன்றுவிட்டார். நவாப்பின் மகனோ சின்னப் பையன். அவனுக்குக் காப்பாளராகத்தான் அன்வருதீனை அனுப்பினார் நிஜாம். 1744-ல் ஒரு கல்யாண வீட்டில் அந்தப் பையனும் கொல்லப்பட, காப்பாளரே நவாப் ஆனார். இதில் இவர் கை இருக்குமோ என்று அப்போதே பேச்சு கிளம்பியது. கிளம்பாதா பின்னே!

பழைய நவாப் குடும்பத்து மருமகன் சந்தா சாகிப் சும்மா விடவில்லை. மராட்டியர் சிறையிலிருந்து வெளியே வந்ததும் முசாஃபர் ஜங், புதுச்சேரி பிரெஞ்சுக்காரர்கள் எனக் கூட்டுச் சேர்த்துக்கொண்டு படையோடு வந்தார். மலைகளுக்கு நடுவே ஆம்பூர் கணவாயில் வழிமறித்து நின்றார் அன்வருதீன். 1749 ஆகஸ்ட் 3. வயது எழுபதைத் தாண்டிவிட்டது. ஆனாலும் சந்தா சாகிப்பின் யானையை நோக்கித் தன் யானையை நேராக ஓட்டினார். நெஞ்சில் குண்டு பாய்ந்தது.

மூத்த மகன் மாபூஸ்கான் அங்கேயே பிடிபட்டார். தம்பி முகமது அலி திருச்சிக்குத் தப்பி ஓடினார். ஓடியவருக்குத்தான் அதிர்ஷ்டம். ஆங்கிலேயர் தயவில் நவாப் ஆனார். 1752-ல் சந்தா சாகிப் தலை போனது. ஆனால், அந்தத் தயவு இலவசமில்லை. வாங்கிய கடன் ஏறி ஏறி, 1785-ல் லண்டன் நாடாளுமன்றத்தில் எட்மண்ட் பர்க் பேசித் தீர்க்கும் அளவுக்குப் போனது. 1855-ல் நவாப் பட்டத்தையே எடுத்துவிட்டார்கள்.

அண்ணன் கதை வேற மாதிரி. விடுதலையான பிறகு தெற்கே போன மாபூஸ்கான், தம்பிக்கே எதிராகத் திரும்பினார். யாரோடு சேர்ந்தார் தெரியுமா? நம்ம பூலித்தேவரோடு!

வாரிசுகள் 'ஆற்காடு இளவரசர்' என்ற பட்டத்தோடு சென்னை ராயப்பேட்டை அமீர் மகாலில் இன்றும் வாழ்கிறார்கள். சென்னை–பெங்களூரு ரோட்டில் வாலாஜா டோல்கேட்டைத் தாண்டியிருப்பீர்களே, அந்த 'வாலாஜா' முகமது அலியின் பட்டப்பெயர். அப்பா விழுந்த இடத்துக்கு அங்கிருந்து வண்டியில் ஒன்றரை மணி நேரம்தான்.